வானத்தில் மர்ம ஒளி: எதை முதலில் விசாரிப்பது, எதைக் கடைசியில்

'வானத்தில் ஏதோ வந்தது' என்று எங்கள் வானியல் குழுவுக்கு மாதம் இரண்டு வீடியோவாவது வந்துவிடும். குழுவில் புதிதாகச் சேர்பவர்கள் எல்லோரும் வழுக்கி விழுவது ஒரே இடத்தில். வீடியோ ஓடி முடிவதற்குள் 'இது வெள்ளி', 'இது டிரோன்' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். பெயர் கடைசியில் வர வேண்டியது. நேரம், திசை, எவ்வளவு நேரம் தெரிந்தது ஆகிய மூன்றும் கைக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் பெயர் தானாக வந்து உட்காரும். வராமல் போனாலும் குற்றமில்லை.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியில் கிடைத்ததை வைத்துத்தான் நகரும்.

1. கிளம்பும் முன்

ஒரு நோட்டு, பேனா, ஸ்டாப்வாட்ச் உள்ள செல்போன் போதும். போனில் ஸ்டெல்லேரியம் (எந்த நேரத்து வானத்தையும் காட்டுவது), ஹெவன்ஸ்-அபவ் (செயற்கைக்கோள் எப்போது எங்கே தெரியும் என்று சொல்வது), ஃப்ளைட்ரேடார்24 (விமானத் தடங்களைக் காட்டுவது), திசைகாட்டி ஆகிய நான்கும் இருக்கட்டும்.

ஹெவன்ஸ்-அபவ் தளத்தில் உங்கள் ஊரை முதலில் பதிந்துவிடுங்கள். பதியாவிட்டால் பூமத்திய ரேகையும் கிரீன்விச் ரேகையும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு, அதாவது ஆப்பிரிக்காவை ஒட்டிய கடலுக்கு, அது கணக்குப் போட்டுத் தரும். 'அன்றைக்கு விண்வெளி நிலையம் எதுவும் போகவில்லையே' என்று அடித்துச் சொன்ன ஒருவரின் போனை வாங்கிப் பார்த்தால் அவர் அந்தக் கடலில்தான் நின்றுகொண்டிருந்தார்.

போன் திசைகாட்டியை பைக் டேங்க் மேலோ இரும்புக் கைப்பிடிச் சுவர் மேலோ வைத்துப் பார்க்கக் கூடாது. முள் இழுபட்டுவிடும்.

இன்னொரு தயாரிப்பும் உண்டு, பலர் தவிர்ப்பது இதைத்தான். ஒரு வாரம் தினமும் அரை மணி நேரம் மொட்டை மாடியில் நின்று வானத்தைப் பாருங்கள். நேராக நம்மை நோக்கி வரும் விமானத்தின் விளக்கு பல நிமிடம் அசையாமல் தொங்குவதைக் கண்ணால் பார்க்காதவருக்கு, அதை மற்றவர் விவரிக்கும்போது புரியாது.

2. சாட்சியைப் பேச விடுங்கள்

நான் சொதப்பிய கதையைச் சொல்கிறேன். 2025 ஜனவரி, தாராபுரம் பக்கம் ஒரு பெரியவர். இரவு மோட்டார் போடத் தோட்டத்துக்கு எக்ஸ்எல் மொபெட்டில் போனவரை ஒரு வெளிச்சம் கூடவே துரத்தி வந்ததாம், அணைந்து அணைந்து எரிந்ததாம். அந்த மாதம் அந்தியில் மேற்கே வெள்ளி கொழுந்துவிட்டு நின்ற நேரம், மறையவே ஒன்பது மணி ஆகும். நான் போனிலேயே, "மேற்காலதானுங்களே பாத்தீங்க?" என்று கேட்டேன். "ஆமாங்க" என்றார். முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை தோட்டத்தில் அவரோடு நின்று மேற்கே கை காட்டினேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது வெள்ளிங்க தம்பி. அதைய நா எழுவது வருசமா பாக்கறனுங்க." பிறகு நேர் தெற்கே, பனை வரிசைக்கு மேலே கையை நீட்டினார்.

அவர் பொய் சொல்லவில்லை. கேட்டவர் படித்தவர் போல இருக்கிறார், 'ஆமாம்' சொல்லி வைப்போம் என்ற மரியாதைதான் அது. விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்டது என் தப்பு. அதற்குப் பிறகு நான் கேட்பதெல்லாம் இப்படித்தான்: என்ன பார்த்தீர்கள், முதலிலிருந்து சொல்லுங்கள். அப்போது எங்கே நின்றீர்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? எதனால் அதன் பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள்? எப்படி மறைந்தது?

இதில் கடைசிக் கேள்விதான் தங்கம். 'மெல்ல இறங்கி மலைக்குப் பின்னால் போச்சு' என்பதும், 'நடு வானத்தில் மங்கி அப்படியே காணாமல் போச்சு' என்பதும், 'வெடிச்சுச் சிதறிச்சு' என்பதும் மூன்று வெவ்வேறு வழக்குகள்.

இரண்டு பேர் பார்த்திருந்தால் தனித்தனியாகக் கேளுங்கள். இருவரையும் ஒரு தாளில் வரையச் சொல்லிவிட்டுப் பிறகு பேசவிடுங்கள். ஒன்றாக உட்கார வைத்தால் பத்து நிமிடத்தில் இருவர் கதையும் ஒரே கதையாகிவிடும். எது யாருடையது என்று அப்புறம் பிரிக்க முடியாது.

3. மூலக் கோப்பை வாங்குங்கள்

வாட்ஸ்ஆப்பில் வந்த வீடியோவை வைத்து ஆராய்ச்சி செய்யாதீர்கள். அது சுருக்கப்பட்டது. எடுத்த நேரம், இடம் எல்லாம் கழன்றுபோயிருக்கும். கோப்பின் பெயரில் ஒரு தேதி இருக்கும், ஆனால் அது படம் எடுத்த தேதியாக இருக்க வேண்டியதில்லை. எடுத்தவரைக் கண்டுபிடித்து, 'ஆவணம்' என்ற வகையில் அனுப்பச் சொல்லுங்கள், அல்லது நேரில் போய்க் கேபிளில் எடுங்கள். அதே போனில் அதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களையும் கேளுங்கள். மர்மத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் எடுத்த பிறந்தநாள் படத்தில் அதே பச்சைப் புள்ளி இருந்த கதையெல்லாம் உண்டு.

எடுத்தவர் கிடைக்கவில்லையா? வீடியோவிலிருந்து நாலைந்து காட்சிகளைப் படமாக்கி படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸிலும் டின்ஐயிலும் தேடுங்கள். 'நேற்று மதுரையில்' என்று வந்தது, பல வருடம் முன்பு வேறு நாட்டில் வலம் வந்ததாக இருக்கலாம். இப்போது செயற்கை நுண்ணறிவு வீடியோக்களும் சேர்ந்துகொண்டன. அதற்கு நான் நம்பும் சோதனை, இரண்டாவது கோணம். ஊரே பார்த்தது என்றால் வேறு தெருவிலிருந்து வேறொருவர் எடுத்த வீடியோவும் இருந்தாக வேண்டும்.

4. நேரத்தை நிமிடத்துக்கு நிறுத்துங்கள்

'ராத்திரி ஒரு எட்டு மணி இருக்கும்' என்பது போதாது. விண்வெளி நிலையம் ஒரு ஊரின் வானத்தைக் கடக்க அதிகபட்சம் ஆறேழு நிமிடம்தான். அரை மணி தவறினால் வழக்கே தவறிவிடும்.

நேரத்தைப் பிடிக்க நேரம் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். எந்த சீரியல் ஓடியது, எந்த பஸ் போனது, பாங்கு சொல்லிவிட்டார்களா, யாருக்காவது உடனே போன் செய்தாரா? போன் அழைப்புப் பட்டியல் நிமிடம் பிசகாது.

கோப்பில் உள்ள நேரத்தைப் பார்க்கும்போது இரண்டு பொறிகள் உண்டு. பல வீடியோக்களின் உள்தகவல் உலகப் பொது நேரத்தில் இருக்கும், அதோடு 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். புதியவர்கள் இரவு 7:40 வீடியோவைப் பிற்பகல் 2:10 என்று எழுதிவிட்டு, 'வெளிச்சமே இல்லையே' என்று முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது சிசிடிவி. அந்தப் பெட்டியின் கடிகாரத்தை யாரும் சரி செய்வதில்லை. நீங்கள் போன அன்று அதன் நேரத்துக்கும் உங்கள் போன் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு கழியுங்கள்.

5. அதே இடத்தில், அதே வேளையில் திசையும் உயரமும்

வரவேற்பறையில் உட்கார்ந்து 'வடகிழக்கு' என்று சொல்வதை எழுதாதீர்கள். அவர் நின்ற இடத்துக்கே, அதே வேளையில் போங்கள். பகலில் போனால் அவருக்கே குழம்பும். 'அந்த டேங்குக்கும் வேப்ப மரத்துக்கும் நடுவுல' என்று அடையாளம் சொல்லச் சொல்லுங்கள். பிறகு செயற்கைக்கோள் வரைபடத்தில் அவர் நின்ற புள்ளியிலிருந்து டேங்குக்கு ஒரு கோடு இழுத்தால் திசை கிடைத்துவிடும். திசைகாட்டியைவிட இது நம்பகமானது.

உயரத்துக்குக் கை போதும். கையை முழுதாக நீட்டி மூடிய முட்டியின் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி, சுண்டு விரல் 1 டிகிரி, முழு நிலா அரை டிகிரிதான். அடிவானத்திலிருந்து முட்டி மேல் முட்டியாக அவரையே அடுக்கச் சொல்லுங்கள். 'தலைக்கு நேரா மேல' என்று சத்தியம் செய்தவர் நான்கைந்து முட்டியோடு நிற்பார். மனிதக் கண்ணுக்கு உயரத்தைக் கூட்டிச் சொல்லும் பழக்கம் உண்டு, அதனால்தான் அளக்கச் சொல்கிறேன்.

6. எவ்வளவு நேரம் தெரிந்தது

என் கணக்கில் பாதி வழக்குகள் இந்தப் படியிலேயே பிரிந்துவிடுகின்றன. ஆனால் 'எத்தனை நிமிடம்?' என்று கேட்டால் 'ஒரு அஞ்சு நிமிசம்' என்பார்கள், பத்து விநாடியாக இருந்தாலும். அதனால் நான் ஸ்டாப்வாட்சைக் கையில் மறைத்து வைத்துக்கொண்டு, "கண்ணை மூடி மறுபடி மனசுல ஓட்டிப் பாருங்க. தெரிஞ்சதும் ஒரு தட்டு, மறைஞ்சதும் ஒரு தட்டு" என்பேன். இரண்டு தட்டுக்கும் இடையே உள்ளதுதான் நேரம்.

சில விநாடி: எரிகல். மின்னல் போலப் பாய்ந்து அணையும்.

அரை நிமிடத்துக்கு மேல், பல துண்டுகளாக, ஒரே திசையில் மெதுவாக: பூமிக்குத் திரும்பும் ராக்கெட் மிச்சமாக இருக்கலாம். எரிகல் விநாடிக்கு 11 கிலோமீட்டருக்குக் குறையாமல் வரும். சுற்றுப்பாதையிலிருந்து விழுவது ஏறக்குறைய 8 கிலோமீட்டரில், அதுவும் சாய்வாக வரும். அதனால்தான் ஊர்வலம் போல நீண்டு தெரிகிறது. 2022 ஏப்ரல் 2 மாலை மகாராஷ்டிராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் மக்கள் பார்த்தது இதைத்தான். சந்திரபூர் மாவட்டத்தில் பெரிய உலோக வளையமே விழுந்தது. அது சீன ராக்கெட்டின் பகுதியாக இருக்கும் என்று விண்வெளி ஆய்வாளர் ஜொனாதன் மெக்டவல் அடையாளம் சொன்னார்.

சில நிமிடம், மின்னாமல், சீராக நகர்ந்து, நடுவானில் மங்கி மறைவது: செயற்கைக்கோள். பூமியின் நிழலுக்குள் நுழைவதால்தான் அப்படி அணைகிறது. பொழுது சாய்ந்த பிறகு சிறிது நேரமும் விடியலுக்கு முன்பும்தான் இவை நன்றாகத் தெரியும். மாலை கோத்தது போல வரிசையாகப் போனால் புதிதாக ஏவிய ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதம் முதல் அறுபது கிளம்பியதிலிருந்து உலகம் முழுக்க இந்தப் 'பறக்கும் ரயில்' புகார்தான். ஏவிச் சில நாட்களில் வரிசை கலைந்துவிடும்.

மணிக்கணக்கில், 'நின்னுக்கிட்டே இருந்துச்சு, ஆனா ஆடிச்சு': கோள் அல்லது பிரகாசமான நட்சத்திரம். இருட்டில் தனியாக இருக்கும் புள்ளியை உற்றுப் பார்த்தால் அது அசைவதாகவே கண்ணுக்குப் படும். சோதித்துப் பாருங்கள்: தலையைச் சுவரில் சாய்த்து, புள்ளியை ஓட்டு விளிம்போடு பொருத்திப் பார்த்தால் ஆட்டம் நின்றுவிடும். அடிவானத்தை ஒட்டியிருந்தால் காற்றின் அலைவில் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறமும் மாறும்.

இந்த வகையில் ஏமாந்தவர்களைச் சிரிக்காதீர்கள். லடாக் எல்லையில் 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை அடையாளம் தெரியாத ஒளிகளை நம் ராணுவம் 329 முறை பதிவு செய்தது, எல்லை தாண்டி வரும் வேவு டிரோன் என்று சந்தேகித்து. பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் பார்த்துச் சொன்ன விடை: வியாழனும் வெள்ளியும். பயிற்சி பெற்ற காவல்காரர்கள், மெல்லிய மலைக் காற்று, கண்ணைப் பறிக்கும் பிரகாசம். நாம் எம்மாத்திரம்?

பல நாள் தொடரும் புகாருக்கு ஓர் எளிய பரீட்சை இருக்கிறது. நட்சத்திரம் தினமும் சுமார் 4 நிமிடம் முன்னதாக அதே இடத்துக்கு வரும். கோள் என்றால் இதில் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஒரு வாரம் நேரத்தைக் குறித்தாலே வானத்துச் சரக்கா, தரைச் சரக்கா என்று தெரிந்துவிடும். தினமும் ஒரே நேரத்துக்கு வருவது தெருவிளக்கு, டவர் விளக்கு, அல்லது நேரம் தவறாத விமானம்.

7. வானத்தை அந்த நிமிடத்துக்குத் திருப்புங்கள்

இப்போதுதான் செயலிகளைத் திறக்க வேண்டும். ஸ்டெல்லேரியத்தில் இடம், தேதி, நேரம் கொடுத்து, நீங்கள் அளந்த திசையிலும் உயரத்திலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் ஹெவன்ஸ்-அபவ், பிறகு ஃப்ளைட்ரேடார்24.

இந்தப் படியைத் தள்ளிப்போடவும் கூடாது. ஃப்ளைட்ரேடாரின் இலவசக் கணக்கில் பழைய தடங்கள் ஒரு வாரத்துக்குத்தான் கிடைக்கும். அதனால் புகார் வந்த அன்றே அந்தப் பகுதியின் தடங்களைப் படமெடுத்து வைத்துவிட்டு, பொருத்திப் பார்ப்பதை இந்தப் படிக்கு வையுங்கள். ராணுவ விமானம் அதில் பெரும்பாலும் காட்டாது. 'செயலியில் இல்லை, ஆகவே விமானம் இல்லை' என்று எழுதினால் தப்பு.

பொருத்தம் என்றால் திசை, உயரம், தெரிந்த நேரம் மூன்றும் பொருந்த வேண்டும். திசையும் உயரமும் ஒத்து, சாட்சி பார்த்தது 20 விநாடி, வெள்ளியோ இரண்டு மணி நேரம் நின்றது என்றால் அது வெள்ளி அல்ல. இங்கேதான் நம் பக்க ஆட்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். 'சந்தேகவாதி' என்று பெயர் எடுத்துவிட்டால் தன் விடையைச் சந்தேகிக்க மனசு வராது போல.

8. ஏவுதலும் பலூனும்

வானம் கைவிரித்தால் அன்றைய ஏவுதல்களைப் பாருங்கள். ஸ்ரீஹரிகோட்டா சென்னைக்கு வடக்கே 80 கிலோமீட்டர்தான், இரவு ஏவுதல் நகரத்திலிருந்தே தெரியும். 2022 டிசம்பர் 15 மாலை மேற்கு வங்கமும் ஒடிசாவும் வானத்தைப் பார்த்து வாய் பிளந்தன. அன்று ஒடிசா கரையிலிருந்து அக்னி-5 ஏவுகணைச் சோதனை. தரையில் சூரியன் மறைந்த பிறகும் மேலே உள்ள புகைக்கு வெயில் கிடைக்கும், அதனால் இருண்ட வானத்தில் அது விளக்கு போல ஒளிரும். சோதனைக்கு முன் விமானிகளுக்கு 'நோட்டாம்' என்ற எச்சரிக்கை வரும். அதில் தேதி, நேரம், பகுதி எல்லாம் இருக்கும்.

பலூனை மறக்கவே மறக்கிறார்கள். வானிலைத் துறை காலை 5:30, மாலை 5:30 மணி அளவீட்டுக்காகப் பலூன் விடுகிறது. மாலை விடுவது அந்தி வெயிலில் மினுக்கும். இதைவிடப் பெரியவை ஹைதராபாத்தில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் பலூன் மையத்திலிருந்து கிளம்புபவை. 30 கிலோமீட்டருக்கு மேல் ஏறும். அந்த உயரத்தில் இருப்பதைச் சில நூறு கிலோமீட்டர் தள்ளியும் பார்க்கலாம், தரை இருட்டிய பிறகும் இருபது நிமிடத்துக்கு மேல் வெயிலில் இருக்கும். 2022 டிசம்பரில் தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டத்தில் வயலில் இறங்கிய உருண்டைக் கலத்தைச் சுற்றி ஊரே கூடியது. ஸ்பெயின் நிறுவனம் ஒன்றின் சோதனைக் கலம், அந்த ஹைதராபாத் மையத்திலிருந்து பலூனில் போனதுதான்.

9. வீடியோவில் அளவும் வேகமும்

தூரம் தெரியாமல் அளவும் தெரியாது, வேகமும் தெரியாது. இதைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். கேமராவுக்கு ஒரு முழம் முன்னால் பறக்கும் பூச்சியும் நாலு மைல் தள்ளிப் போகும் விமானமும் திரையில் ஒரே அளவாக இருக்கலாம்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2020 ஏப்ரலில் அதிகாரபூர்வமாக வெளியிட்ட மூன்று வீடியோக்களில் 'கோஃபாஸ்ட்' என்ற ஒன்று உண்டு. கடல் மட்டத்தை உரசிக்கொண்டு பாய்வது போலவே இருக்கும். நாசா அமைத்த ஆய்வுக் குழு, திரையிலேயே இருந்த கேமராக் கோணம், தூரம், விமானத்தின் உயரம் ஆகியவற்றை வைத்து முக்கோணக் கணக்குப் போட்டு 2023இல் வெளியிட்டது. பொருள் இருந்தது 13,000 அடி உயரத்தில், வேகம் மணிக்குச் சுமார் 40 மைல். பாய்ந்தது கேமரா இருந்த விமானம். ரயிலில் போகும்போது பக்கத்து மரங்கள் ஓடுவது போலத்தான்.

வீட்டுப் போனில் வருபவை இன்னும் எளியவை. முழுதாக ஸூம் செய்து குவியம் தவறினால் எந்தப் புள்ளியும் வட்டத் தட்டாகிவிடும், துடிக்கவும் செய்யும். அந்தத் தட்டின் வடிவம் லென்ஸ் துவாரத்தின் வடிவம். அமெரிக்கக் கடற்படைக் கப்பலிலிருந்து எடுத்த 'முக்கோணப் பறக்கும் பொருள்' கூட இரவுக்கண்ணாடி வழியாக எடுத்ததால் வந்த வடிவம் என்று 2022 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னிலையிலேயே அதிகாரிகள் சொன்னார்கள்.

பச்சைப் புள்ளி என்றால், படத்தில் தெருவிளக்கோ நிலாவோ இருக்கிறதா என்று பாருங்கள். அதிலிருந்து படத்தின் நட்டநடு வழியாக ஒரு கோடு இழுங்கள். அந்தப் பக்கம் அதே தூரத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் அது லென்ஸுக்குள் நடந்த எதிரொளி.

'சிசிடிவியில் ஆவி' வகையையும் இதே மேசையில் முடித்துவிடலாம். கேமராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்கு பக்கத்துச் சிலந்தி இழையையும் தூசியையும் வெள்ளை உருவமாக்கிவிடும். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு இரவு காத்திருங்கள்.

10. மறுபடி நடத்திப் பாருங்கள்

விடை தாளில் பொருந்தினால் போதாது. அதே இடத்தில் அதை வரவழைத்துக் காட்ட முடிகிறதா?

தாராபுரம் பெரியவரின் தெற்குத் திசைக் கோட்டை வரைபடத்தில் நீட்டிக்கொண்டே போனால் காத்தாடிகள். மின்சாரக் காற்றாலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். புதிதாக நட்டவை, உச்சியில் சிவப்பு விளக்கு மின்னுகிறது. அவர் எக்ஸ்எல்லின் பின்னால் நானும் உட்கார்ந்து அதே வேளையில் அதே தடத்தில் போனேன். பனை மறைக்கும்போது அணைந்தது, இடைவெளியில் எரிந்தது, தூரத்தில் இருப்பதால் வண்டியோடு கூடவே வந்தது. வாய்க்கால் பாலம் தாண்டியதும் அவரே, "இந்தா வருதுங்க பாருங்க, நம்ம கூடயே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை நிறுத்தச் சொன்னேன். வண்டி நின்றதும் விளக்கும் நின்றது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

11. முடிவை எழுதுவது

மூன்று நிலைதான் வைத்துக்கொள்ளுங்கள்: 'அடையாளம் தெரிந்தது', 'இதுவாக இருக்கலாம்', 'சொல்லத் தகவல் போதாது'. மூன்றாவதை எழுதக் கூச்சப்பட வேண்டாம். 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்தின் மேல் ஏதோ தெரிந்ததால் விமானங்கள் சுமார் மூன்று மணி நேரம் நின்றன. ரஃபேல் போர் விமானங்கள் தேடியும் எதுவும் அகப்படவில்லை என்றே செய்திகள் சொன்னன. தூரம் தெரியாத புள்ளியை வைத்து அதைப் பலூன் என்று அடித்துச் சொல்வதும், வேற்றுக்கிரகக் கலம் என்று சொல்வதும் ஒரே வகைத் தவறு.

அளந்ததை ஒரு பக்கமும் நீங்கள் ஊகித்ததை மறு பக்கமும் எழுதுங்கள். சாட்சியின் பெயரையும் ஊரையும் வெளியிடாதீர்கள். வெளியே அனுப்பும் முன் அவருக்கே படித்துக் காட்டுங்கள். பெரியவரிடம் என் குறிப்பைப் படித்தேன். காத்தாடி வரைக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டவர், ஓரிடத்தில் கையைத் தூக்கினார். "ஏழரைன்னா போட்டிருக்கீங்க? அன்னைக்கி த்ரீ பேஸு கரண்டு ஏழே முக்காலுக்குத்தானுங்க வந்துச்சு. அது வராம நா எதுக்குத் தோட்டத்துக்குப் போறன்?"

நோட்டில் அடித்துவிட்டு 7:45 என்று எழுதிக்கொண்டேன்.